கரும்புக்காட்டு இருப்புப்பாதை: கியூபாவின் நீராவி இயந்திரங்களும் அவற்றைக் காப்பதும்

ஒரு சொல்லைத் தேடிப் புறப்பட்டு, ஓர் இருப்புப்பாதையில் வந்து நின்றேன். பணி ஓய்வுக்குப் பின், 'கூலி' என்னும் நம் சொல் கடல் கடந்து எங்கெங்கே சென்றது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, கரிபியக் கடலிலுள்ள கியூபாத் தீவின் ஆவணங்களிலும் அது 'கூலீ' என்னும் ஸ்பானிய வடிவில் நிற்பதைக் கண்டேன். அத்தீவிற்குத் தமிழர் எவரும் ஒப்பந்தத் தொழிலாளராகச் செல்லவில்லை. சென்றவர்கள் சீனர்கள். ஆளில்லாமல் சொல் மட்டும் பயணம் செய்திருந்தது.

இச்சொல்லின் மூலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமிழ்க் 'கூலி'யே மூலம் என்பர் ஒரு சாரார். குசராத்துப் பகுதியில் வாழும் ஒரு குடியின் பெயரே மூலம் என்பர் மறு சாரார். இரண்டும் துறைமுகப் பேச்சில் ஒன்றோடொன்று கலந்திருக்கவும் கூடும். எதுவாயினும், சீனர் அச்சொல்லைத் தம் எழுத்தில் எழுதியபோது 'கசப்பு', 'வலிமை' என்னும் பொருள்களுடைய இரண்டு எழுத்துகளைத் தேர்ந்துகொண்டனர். ஒலியும் பொருந்திற்று; பொருளும் பொருந்திற்று. சொற்பிறப்பு அகராதிகள் பலவற்றைப் பார்த்தவன் நான். இத்துணை உண்மையான ஒரு பிழைச் சொற்பிறப்பை வேறெங்கும் கண்டதில்லை.

1847ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் கப்பல் இருநூற்றுச் சொச்சம் சீனர்களுடன் ஹவானாத் துறையை அடைந்தது. அவர்களை எட்டாண்டு ஒப்பந்தத்தில் வரவழைத்தது 'ஹுந்தா தெ ஃபொமெந்தோ' எனப்பட்ட அரச மேம்பாட்டுக் குழு. அந்தக் குழுவின் வரலாற்றைப் புரட்டியபோதுதான், அதே குழு பத்தாண்டுகளுக்கு முன்னர் வேறொன்றையும் கியூபாவிற்குக் கொண்டுவந்திருந்ததை அறிந்தேன். அதுதான் புகைவண்டி.

ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் ஓர் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்: 1837. அவ்வாண்டு நவம்பர் 19ஆம் நாள் ஹவானாவிலிருந்து பெஹுக்கால் என்னும் ஊர்வரை, ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தொலைவுக்குப் புகைவண்டி ஓடியது. அடுத்த ஆண்டில் பாதை குயினெஸ் சமவெளியை எட்டியது. இலத்தீன் அமெரிக்கா முழுவதற்கும் அதுவே முதல் இருப்புப்பாதை. அப்போது கியூபா ஸ்பெயினின் குடியேற்ற நாடு. ஆளும் நாடான ஸ்பெயினின் நிலப்பரப்பில் முதல் புகைவண்டி பார்சிலோனாவிலிருந்து மத்தாரோவுக்கு ஓடியதோ 1848இல்தான். நம் பக்கத்தில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைவரை மலாயாவின் முதல் பாதை திறக்கப்பட்டது 1885இல். தாய்நாட்டில் இல்லாத புகைவண்டி தொலைதூரத் தீவில் ஏன் பதினோராண்டு முந்தியது?

விடை ஒரு சொல்லில் அடங்கும்: சர்க்கரை. ஸ்பானிய மொழியில் அது 'அசூக்கார்'. அரபியின் 'சுக்கர்' வழியாகச் சென்ற அச்சொல்லின் வேர் வடமொழியின் 'சர்க்கரா'. நம் 'சர்க்கரை'க்கும் அதுவே வேர். குயினெஸ் சமவெளியின் செழுமண்ணில் விளைந்த சர்க்கரையை மாட்டு வண்டிகளில் ஏற்றித் துறைமுகம் சேர்ப்பது பெரும்பாடு. மழைக்காலத்தில் செம்மண் பாதைகள் அச்சு முங்கும் சேறாயின. வண்டிச் சத்தமே சர்க்கரையின் ஆதாயத்தை விழுங்கியது. எனவே ஆலை முதலாளிகள் இருப்புப்பாதை கேட்டனர். இலண்டன் நிதி நிறுவனம் ஒன்றிடம் கடன் பெறப்பட்டது. ஆல்ஃபிரெட் குரூகர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வேலையை நடத்தினார். மண்ணை வெட்டிப் பாறையை உடைத்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள், கனாரித் தீவுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த ஏழை உழவர்கள், நியூயார்க்கில் திரட்டப்பட்ட அயர்லாந்துக்காரர்கள், சிறைக் கைதிகள் ஆகியோர். காய்ச்சலாலும் கடும் உழைப்பாலும் அவர்களுள் பலர் பாதையோரத்திலேயே மாண்டனர். 1842இல் அரசு அப்பாதையைத் தனியார் குழுமம் ஒன்றுக்கு விற்றுவிட்டது.

இங்கே மொழியியலாளன் ஒருவனுக்குரிய சிறு இடைப்பிறவரல். ஸ்பானிய மொழியில் புகைவண்டிப் பாதைக்கு முதலில் வழங்கிய பெயர் 'காமினோ தெ இயெர்ரோ', அதாவது இரும்பின் வழி. பின்னர் 'ஃபெர்ரோகார்ரில்' நிலைத்தது. அதுவும் இரும்பும் தடமும் சேர்ந்த சொல்லே. நம் முன்னோர் 'இருப்புப்பாதை' என்று சொல்லாக்கியதற்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும் இரு மொழியினரும் வண்டியைவிட அது ஓடும் வழியைக் கண்டுதான் முதலில் வியந்திருக்கின்றனர். இன்னொரு சொல்லும் கருதத்தக்கது. கியூபாவில் சர்க்கரை ஆலைக்குப் பெயர் 'இன்ஹேனியோ'. ஆங்கிலத்தின் 'எஞ்சின்' பிறந்த அதே இலத்தீன் வேரில், 'இயல்பான அறிவுத்திறன்' என்னும் பொருளுடைய வேரில், பிறந்த சொல் அது. கியூபாவில் ஆலையும் இயந்திரமும் உடன்பிறந்தவை என்று சொன்னால், அது சொல்லளவிலும் உண்மை.

பொருளளவில் அவை உடன்பிறந்தவையானது சற்றுப் பிந்தித்தான். முதல் பாதை ஆலையில் காய்ச்சிய சர்க்கரையைத் துறைமுகத்திற்குக் கொண்டுசென்றது. வயலிலிருந்து ஆலைக்குக் கரும்பு மாட்டு வண்டியில்தான் வந்தது. வெட்டிய கரும்பை ஓரிரு நாள்களுக்குள் பிழிந்தாக வேண்டும்; தாமதித்தால் இனிப்பு சிதைந்துவிடும். ஆகவே மாட்டு வண்டி செல்லும் தொலைவே ஒரு ஆலையின் எல்லையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வயலுக்குள்ளேயே தண்டவாளம் புகுந்ததும் அந்த எல்லை உடைந்தது. 1886இல் அடிமைமுறை ஒழிந்தது. சிற்றாலைகள் மறைய, பல கல் தொலைவிலிருந்தும் கரும்பை இழுத்துக்கொள்ளும் 'சென்ட்ரல்' எனப்பட்ட பேராலைகள் எழுந்தன. ஒவ்வொரு பேராலைக்கும் சொந்தமாகப் பாதை, சொந்தமாக இயந்திரங்கள், சொந்தமாகப் பட்டறை. இருபதாம் நூற்றாண்டில், மக்கள் பயணம் செய்யும் பொதுப் பாதைகளைவிட ஆலைகளின் சொந்தப் பாதைகளே மொத்த நீளத்தில் மிகுந்திருந்தன.

இயந்திரங்களுள் மிகப் பெரும்பாலானவை அமெரிக்காவில் செய்யப்பட்டவை. ஃபிலடெல்ஃபியாவின் பால்டுவின் தொழிற்சாலையின் பெயர்ப்பலகை எங்கும் காணப்படும். நிலக்கரி கிடைக்காத தீவாதலால் அவை எண்ணெய் எரித்தன. சில ஆலைகளில் நெருப்பே இல்லாத நீராவி இயந்திரங்களும் இருந்தன என்றால் மாணவர்கள் வியக்கக்கூடும். அவற்றில் நெருப்புப் பெட்டி கிடையாது. பெரிய கலன் ஒன்றே உண்டு. ஆலையின் கொதிகலனிலிருந்து உயரழுத்த நீராவியை அதில் நிரப்பிக்கொண்டால், சில மணி நேரம் ஆலை வளாகத்தில் பெட்டிகளைத் தள்ளும். தீர்ந்ததும் மீண்டும் போய் நிரப்பிக்கொள்ளும். ஆலைக் கொதிகலனோ பிழிந்த கரும்புச் சக்கையை எரித்தே இயங்கியது. கரும்பின் சக்கையே கரும்பு வண்டியை ஓட்டிற்று.

இனி, அவை ஏன் எஞ்சின என்னும் வினாவுக்கு வருவோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1950களிலும் 1960களிலும் நீராவி இயந்திரங்கள் உடைக்கப்பட்டு உருக்கப்பட்டன. கியூபாவிலோ நூற்றாண்டு பழைமையான இயந்திரங்கள் 2000ஆம் ஆண்டைத் தாண்டியும் அறுவடைக் காலத்தில் கரும்பு இழுத்துக்கொண்டிருந்தன. இதைப் பழைமைப் பற்று என்று எண்ணிவிடலாகாது. 1959இன் புரட்சிக்குப் பின் ஆலைகள் நாட்டுடைமையாயின. 1962இல் அமெரிக்கா முழு வணிகத் தடை விதித்தது. பால்டுவின் இயந்திரத்திற்குப் பால்டுவின் நாட்டிலிருந்து ஓர் ஆணிகூட வர வழியில்லை. பொதுப் பாதைகளுக்குச் சோவியத் டீசல் இயந்திரங்கள் வந்தன; அவை ஆலைகள் அனைத்திற்கும் போதவில்லை. ஆண்டில் நான்கைந்து மாதமே நடக்கும் அறுவடைக்காக விலையுயர்ந்த புது இயந்திரம் வாங்குவதைவிட, எஞ்சிய மாதங்களில் பழையதைப் பிரித்துப் பழுது பார்ப்பதே ஆலைப் பட்டறைகளுக்குக் கைவந்தது. உதிரி உறுப்பு இல்லையா? வார்ப்புப் பட்டறையில் வார்த்துக்கொண்டனர். அதுவும் இயலாதபோது மற்றோர் இயந்திரத்திலிருந்து கழற்றிக்கொண்டனர்.

இந்தக் கழற்றலும் பூட்டலும் இன்று இயந்திரங்களைக் காக்க முனைவோருக்குப் பெருஞ்சிக்கல் ஆயிற்று. ஓர் இயந்திரத்தின் கொதிகலன் ஒரு வண்டியுடையது; சட்டகம் வேறொன்றுடையது; முகப்பிலுள்ள பெயர்ப்பலகை மூன்றாவதற்குரியது. போதாக்குறைக்கு, நாட்டுடைமைக்குப் பின் தீவு முழுவதற்கும் பொதுவான புதிய நான்கிலக்க எண்கள் வழங்கப்பட்டன. ஆக ஒரே இயந்திரத்திற்குத் தொழிற்சாலை எண் ஒன்று, பழைய ஆலை எண் ஒன்று, புது எண் ஒன்று. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் இந்நிலையை உடனே உணர்வர். ஒரு சுவடியின் நடுவே வேறு சுவடியின் ஏடு கலந்து கட்டப்பட்டிருக்கும். முகப்பு ஏட்டில் வேறொரு நூலின் பெயர் இருக்கும். இயந்திர ஆய்வாளரும் இணைப்புத் தண்டுகளிலும் உருளைகளிலும் சட்டகத்திலும் பொறிக்கப்பட்ட சிற்றெண்களைத் தேடி ஒப்பிட்டே எது எதனுடையது என்று முடிவு செய்கின்றனர். பாடபேதம் பார்க்கும் அதே பொறுமை அதற்கும் வேண்டும்.

எந்த வடிவை 'மூலம்' என்று கொள்வது? தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் வடிவையா, கடைசி அறுவடையில் ஓடிய வடிவையா? பல நாடுகளின் அருங்காட்சியகங்கள் முதலாவதையே விரும்பி, பிற்காலச் சேர்க்கைகளைக் களைந்து, பளபளக்கும் வண்ணம் பூசி நிறுத்துகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கியூபாவின் பட்டறைத் தொழிலாளி தானே வார்த்துப் பூட்டிய உறுப்பு, பால்டுவின் செய்த உறுப்பினும் வரலாற்று மதிப்பில் குறைந்ததன்று. தடைக்காலத்தின் சான்று அந்த உறுப்புத்தான். அதைக் களைந்தால் கிடைப்பது ஓர் அமெரிக்க இயந்திரம்; கியூபா இயந்திரமன்று.

காக்கப்பட்டவற்றுள் மூத்தது 'லா ஹுந்தா'. நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் 1840களின் தொடக்கத்தில் செய்யப்பட்டு மத்தான்சாஸ் பாதையில் ஓடியது. தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு ஹவானாவில் காக்கப்படுகிறது. ஹவானாவின் பழைய கிறிஸ்தினா நிலையம் புகைவண்டி அருங்காட்சியகம் ஆயிற்று. நகர வரலாற்றாளர் அலுவலகம், எவுசேபியோ லெயால் தலைமையில், மூடப்பட்ட ஆலைகளிலிருந்து இயந்திரங்களைத் தலைநகருக்குக் கொண்டுவந்தது. 1912இல் கட்டப்பட்ட மத்திய நிலையத்தின் எதிரேயுள்ள பூங்காவில் அவற்றுட் பல நிறுத்தப்பட்டன. தீவின் நடுப்பகுதியில் காய்பாரியேன் அருகே மார்செலோ சலாதோ ஆலை சர்க்கரைத் தொழில் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டு, அங்கே நீராவி வண்டிகள் பயணிகளை ஏற்றியும் ஓடின.

இம்முயற்சிகளுக்கு விரைவு தேவைப்பட்டதற்குக் காரணம் 2002. சோவியத் ஒன்றியம் 1991இல் குலைந்தபின் கியூபச் சர்க்கரைக்கு நல்ல விலை தரும் சந்தை மறைந்தது. எரிபொருளும் உரமும் அரிதாயின. உலகச் சந்தை விலையும் வீழ்ந்துகிடந்த நிலையில், அரசு தன் 156 ஆலைகளுள் 71ஐ ஒரே முடிவில் மூடியது. பல பிரிக்கப்பட்டு இரும்பாக விற்கப்பட்டன. 1970இல் 85 இலட்சம் டன் சர்க்கரை செய்த தீவு, அண்மை ஆண்டுகளில் 5 இலட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. ஆலை மூடினால் பட்டறை மூடும். பட்டறை மூடினால் இயந்திரம் ஓரிரு மழைக்காலத்திற்குள் பழைய இரும்பாகும். கடற்காற்றின் உப்பு கொதிகலனின் மெல்லிய குழாய்களை முதலில் தின்னும். வெளிப்பூச்சு எவ்வளவு அழகாயிருந்தாலும் உள்ளே துரு நடந்துகொண்டேயிருக்கும். பூங்காவில் நிற்கும் இயந்திரத்தைப் பார்த்து 'காக்கப்பட்டுவிட்டது' என்று நாம் சொல்லும்போது இதை மறந்துவிடுகிறோம்.

ஓடவிட்டுக் காப்பதா, நிறுத்திக் காப்பதா என்பது இத்துறையின் தீராத வழக்கு. ஓடினால் உறுப்புகள் தேயும்; மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் மூலப்பொருள் ஏதும் எஞ்சாது. நிறுத்தினால் பொருள் எஞ்சும். அதை ஓட்டும் கலை மடியும். காலையில் கொதிகலனை எவ்வளவு மெல்லச் சூடேற்ற வேண்டும், எண்ணெய்த் தீ எந்த நிறத்தில் எரிந்தால் சரி, பாதையின் ஏற்றம் வருமுன் நீர்மட்டத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் ஓட்டுநரும் தீயாளியும் கைப்பழக்கமாகக் கற்றவை. கையேட்டில் பாதிதான் இருக்கும். அகராதியும் இலக்கணமும் அச்சாகியிருந்தும் பேசுவோர் இல்லாமற்போன மொழிகள் சிலவற்றை நான் பயின்றிருக்கிறேன். அவற்றில் ஒரு வாக்கியத்தைச் சரியான தொனியில் சொல்லிக்காட்ட எவரும் இல்லை. எனவே என் வாக்கு இரண்டிற்கும் நடுவே விழும்: மிகப் பழையவற்றை, 'லா ஹுந்தா' போன்றவற்றை, கைவைக்காமல் கூரையின்கீழ் நிறுத்துங்கள், பிற்காலத்தவற்றுள் சிலவற்றையேனும் ஓட்டுங்கள், ஓட்டத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே இளையவர் ஒருவரை அவர் அருகே நிற்க வையுங்கள். பொருள்முட்டுப்பாடு மிகுந்த ஒரு நாட்டிடம் இதைச் சொல்வது எளிது, செய்வது அரிது என்பதை அறிவேன். எண்ணெயும் மின்சாரமும் மக்களுக்கே போதாத இடத்தில், கண்காட்சி வண்டிக்கு எண்ணெய் கேட்க நா எழாது.

எவருடைய நினைவைக் காக்கிறோம் என்பது இதனினும் கடினமான வினா. திரினிதாத் நகரையொட்டிய ஆலைப் பள்ளத்தாக்கு 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுலாப் பயணியர் அங்கே நீராவி வண்டியில் சென்று இறங்கி மனாக்கா இஸ்னாகா கோபுரத்தில் ஏறுவது வழக்கமாக இருந்தது. ஏறத்தாழ 45 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரம், வயலில் உழைத்த அடிமைகளைக் கண்காணிக்கவும் மணியடித்து அவர்களின் நாளை அளக்கவும் பயன்பட்டது. வண்டிப் பயணமும் கோபுரக் காட்சியும் இனிமையானவை. அந்த இனிமையில் மணியோசையின் பொருள் கரைந்துபோகலாம்.

இயந்திரங்களுக்கு எண்கள் உண்டு. எந்தத் தொழிற்சாலையில் எந்த ஆண்டு பிறந்தது என்று நாம் சொல்லிவிட முடிகிறது. பாதை வெட்டிய அடிமைகளுக்கு அத்தகைய பதிவு நம்மிடம் இல்லை. அரிதாகச் சில குரல்கள் எஞ்சின. எஸ்தேபான் மொந்தேஹோ என்னும் முன்னாள் அடிமை நூறு வயதைக் கடந்தபின் சொன்ன வாழ்க்கையை மிகுவேல் பார்னெட் எழுதி 1966இல் நூலாக்கினார். சீனரைப் பொறுத்தவரை பதிவு இன்னும் விரிவானது. 1847க்கும் 1874க்கும் இடையே ஏறத்தாழ 1,25,000 பேர் கியூபாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் நிலையை அறியச் சீன அரசு 1874இல் ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. அக்குழு ஆலைகளிலும் சிறைகளிலும் சென்று 1,176 பேரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. ஏமாற்றிக் கப்பலேற்றியது, எட்டாண்டு முடிந்தும் விடுவிக்காதது, சவுக்கடி, தற்கொலைகள் ஆகியவை அவற்றில் பேசுகின்றன. புதிதாகக் கூலிகளை அனுப்புவது அதன்பின் நின்றது. ஓர் இயந்திரத்தின் அருகே அதன் குதிரைத் திறனையும் எடையையும் எழுதிவைக்கும் பலகையில், அந்த 1,176 வாக்குமூலங்களுள் ஒன்றையேனும் எழுதிவைத்தால் என்ன? இதற்கு எண்ணெய் தேவையில்லை; உதிரி உறுப்பும் தேவையில்லை.

சொல்லைத் தேடிப் புறப்பட்டவன் ஆதலால், சொற்களைப் பற்றிய ஒரு செய்தியோடு அமைகிறேன். ஆலையைச் சூழ்ந்த தொழிலாளர் குடியிருப்புக்குக் கியூபாவில் 'பதேய்' என்று பெயர். ஸ்பானியர் வருமுன் அத்தீவில் வாழ்ந்த தாயீனோ மக்களின் மொழிச்சொல் அது. அவர்கள் பந்தாடவும் கூடவும் பயன்படுத்திய வெளிக்கு அப்பெயர். அம்மொழியைப் பேசுவோர் இன்று இல்லை, ஆடுகளமும் இல்லை. பெயர் ஆலைக் குடியிருப்பின்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது ஆலைகளும் போய்க்கொண்டிருக்கின்றன. மில்டன் ஹெர்ஷி என்னும் அமெரிக்கச் சாக்லேட் வணிகர் முதல் உலகப்போர்க் காலத்தில் ஹவானாவுக்குக் கிழக்கே ஓர் ஆலையும் ஊரும் நிறுவி, மத்தான்சாஸ் வரை மின்சார இருப்புப்பாதையும் அமைத்தார். புரட்சிக்குப் பின் அவ்வூருக்குப் புரட்சித் தலைவர்களுள் ஒருவரான கமிலோ சியென்ஃபுயெகோஸின் பெயர் சூட்டப்பட்டது. 2002இல் மூடப்பட்ட ஆலைகளுள் அதுவும் ஒன்று. பெயர் மாறி அறுபதாண்டு கடந்தும், ஆலை நின்று இருபதாண்டு கடந்தும், அங்குள்ளோர் ஊரை 'ஹெர்ஷி' என்றும் வண்டியை 'ஹெர்ஷி வண்டி' என்றுமே சொல்கின்றனர்.